எல்லாரும் பார்த்த அடையாளம்: ஃப்ளோ ஹைமனின் கதை

எங்கள் வீட்டு வரவேற்பறைச் சுவரில் என் பெரிய மாமாவின் படம் ஒன்று தொங்குகிறது. சமூக மன்றத்தின் பூப்பந்து அரங்கில், மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு சிரித்தபடி நிற்கிறார். பக்கத்தில் நிற்பவர்களைவிட ஒரு தலை உயரம். மெலிந்த உடம்பு, நீண்ட கைகள், தடித்த மூக்குக்கண்ணாடி.

அதே அரங்கில்தான் அவர் ஒரு சனிக்கிழமை மாலை ஆடிக்கொண்டிருந்தபோது சரிந்து விழுந்து இறந்தார். அப்போது அவருக்கு வயது 36. எனக்கு 8. அவருடைய மகனுக்கு 2. மாரடைப்பு என்று வீட்டில் சொன்னார்கள். நல்லவர்களைக் கடவுள் சீக்கிரம் அழைத்துக்கொள்வார் என்று பாட்டி சொன்னார். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

சென்ற பருவத்தில், பல்கலைக்கழகத்தில் விளையாட்டும் சமூகமும் பற்றிய பாடம் ஒன்று எடுத்தேன். மறைந்த விளையாட்டாளர் ஒருவரின் வாழ்க்கையைப் படித்து வகுப்பில் பேச வேண்டும். உயர்நிலைப் பள்ளியில் நான்கு ஆண்டுகள் கைப்பந்து ஆடியவள் என்பதால் அமெரிக்க வீராங்கனை ஃப்ளோ ஹைமனைத் தேர்ந்தெடுத்தேன். அவரைப் பற்றிப் படித்து முடித்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. எழுந்து போய் மாமாவின் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றேன்.

பன்னிரண்டு வயதில் ஆறடி

ஃப்ளோரா ஜீன் ஹைமன் 1954 ஜூலை 31ஆம் தேதி லாஸ் ஏஞ்சலிசில் பிறந்து, அதை ஒட்டியுள்ள இங்கிள்வுட் நகரில் வளர்ந்தார். எட்டுப் பிள்ளைகளில் இரண்டாமவர். தந்தை ரயில்வேயில் துப்புரவுப் பணியாளராகவும் பின்னர் மேற்பார்வையாளராகவும் வேலை செய்தார். தாயார் சிறிய உணவகம் ஒன்றை நடத்தினார். பெற்றோர் இருவருமே நல்ல உயரம். அதனால் மகள் மளமளவென்று வளர்ந்தது அந்த வீட்டில் யாருக்கும் வியப்பாகத் தெரியவில்லை.

பன்னிரண்டாவது பிறந்தநாளில் ஹைமனின் உயரம் ஆறடி, அதாவது 183 சென்டிமீட்டர். பதினேழு வயதில் 196 சென்டிமீட்டர். உடன் படித்தவர்கள் கேலி செய்தார்கள். அவரும் கூச்சப்பட்டார். உயரத்தை நினைத்துப் பெருமைப்பட வேண்டும், அதைப் பயன்படுத்த வேண்டும் என்று குடும்பத்தினர் ஊக்கப்படுத்தினார்கள்.

இந்தப் பகுதியைப் படித்தபோது எனக்கு என் பள்ளி நாள்கள் நினைவுக்கு வந்தன. நான் 174 சென்டிமீட்டர்தான். அதற்கே வகுப்புப் படத்தில் எப்போதும் பின்வரிசை. ஒட்டகச்சிவிங்கி என்று ஒரு பட்டப்பெயர். கைப்பந்துக் குழுவில் சேர்ந்த பிறகுதான் நிமிர்ந்து நடக்கப் பழகினேன். உயரமான பெண்களுக்கு வலை ஒரு நல்ல தோழி.

ஹைமனுக்கும் அப்படித்தான். அக்காவோடு சேர்ந்து கடற்கரையில் ஆடத் தொடங்கியவர், பள்ளிப் படிப்பு முடிந்ததும் எல் கமினோ கல்லூரியில் ஓராண்டு படித்தார். பிறகு ஹியூஸ்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அப்பல்கலைக்கழகத்தில் விளையாட்டுக்காக உபகாரச் சம்பளம் பெற்ற முதல் பெண் அவர்தான்.

பத்து ஆண்டுக் காத்திருப்பு

1970களின் நடுப்பகுதியில் அமெரிக்கப் பெண்கள் கைப்பந்துக் குழு உலக அரங்கில் பெரிய பெயர் பெற்ற குழு அல்ல. 1972, 1976 ஒலிம்பிக் போட்டிகளுக்கு அது தகுதி பெறவே இல்லை. ஜப்பானும் சோவியத் யூனியனும் ஆட்சி செய்த விளையாட்டு அது.

ஹைமன் பட்டப்படிப்பை முடிக்காமலே தேசியக் குழுவில் சேர்ந்தார். 1975ல் குழு கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் முழுநேரப் பயிற்சியைத் தொடங்கியது. முதல் சில மாதங்களுக்குப் பயிற்றுநரே இல்லை. அதன் பிறகு ஆரி செலிங்கர் பொறுப்பேற்றார். மிகக் கண்டிப்பானவர். அடிப்பதில் சிறந்த ஹைமன், தரையில் உருண்டு பந்தை எடுக்கும் தற்காப்பை அவரிடம்தான் கற்றுக்கொண்டார். ஏறக்குறைய இரண்டு மீட்டர் உயரமுள்ள ஒருவர் தரைமட்டத்துக்குக் குனிந்து பாய்வது எவ்வளவு கடினம் என்பது ஆடியவர்களுக்குத் தெரியும்.

1980 மாஸ்கோ ஒலிம்பிக்கிற்கு அந்தக் குழு தகுதி பெற்றது. ஆனால் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததைக் கண்டித்து அமெரிக்கா அந்தப் போட்டியைப் புறக்கணித்தது. ஐந்து ஆண்டு உழைப்பு கைக்கு எட்டி வாய்க்கு எட்டாமல் போனது. ஹைமன் விலகவில்லை. 1981 உலகக் கிண்ணப் போட்டியில் மிகச் சிறந்த தாக்குதல் ஆட்டக்காரராக அவர் தேர்வு பெற்றார். 1982ல் பெருவில் நடந்த உலக வெற்றியாளர் போட்டியில் அமெரிக்காவுக்கு வெண்கலம் கிடைத்தது.

அவருடைய அடி மணிக்கு ஏறத்தாழ 180 கிலோமீட்டர் வேகத்தில் பறந்ததாகச் சொல்வார்கள். பெண்கள் ஆட்டத்தில் வலையின் உயரம் 2.24 மீட்டர். அதற்கு மேலே வெகுதூரம் எழும்பி, அந்த நீண்ட கையை வீசி அவர் அடிக்கும்போது எதிரணிக்குப் பந்து வருவதே கண்ணுக்குத் தெரியாது.

1984ல் ஒலிம்பிக் அவர் பிறந்த ஊருக்கே வந்தது. குழுவில் மூத்தவர் அவர். போட்டி தொடங்கிய வாரத்தில்தான் 30 வயது நிறைந்தது. அமெரிக்கக் குழு இறுதி ஆட்டம் வரை சென்று சீனாவிடம் தோற்று வெள்ளிப் பதக்கம் பெற்றது. ஒலிம்பிக் கைப்பந்தில் அமெரிக்கப் பெண்கள் வாங்கிய முதல் பதக்கம் அது.

பதக்கம் வாங்கியதோடு அவர் ஓய்ந்துவிடவில்லை. கல்வி நிலையங்களில் பெண்களுக்கும் ஆண்களுக்கும் விளையாட்டில் சம வாய்ப்பு வேண்டும் என்பதற்காக நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் அளித்தார். விண்வெளி வீராங்கனை சேலி ரைடும் அந்த முயற்சியில் உடன் நின்றார். உபகாரச் சம்பளம் பெற்ற முதல் பெண்ணாக இருந்தவருக்கு, இரண்டாவதாக வரப்போகிறவர்கள் மீது அக்கறை இருந்தது. அவர் ஆதரித்த சட்டம் 1988ல் நிறைவேறியது. அதைப் பார்க்க அவர் இல்லை.

மட்சுயே நகரில் ஒரு மாலை

ஒலிம்பிக்கிற்குப் பிறகு ஹைமன் ஜப்பானுக்குச் சென்றார். அங்கே பெரிய நிறுவனங்கள் சொந்தமாகக் கைப்பந்துக் குழுக்களை நடத்தின. பேரங்காடி நிறுவனமான டாய்எய் குழுவுக்காக அவர் ஆடினார். கீழ்ப் பிரிவில் இருந்த அந்தக் குழு அவர் வந்தபின் முன்னேறியது. 1986 கோடையில் நிரந்தரமாக நாடு திரும்பிவிடலாம் என்று எண்ணியிருந்தார்.

1986 ஜனவரி 24ஆம் தேதி, மட்சுயே நகரில் ஹிட்டாச்சி குழுவுடன் ஆட்டம். மூன்றாவது செட்டில் பயிற்றுநர் வழக்கம்போல் ஒரு மாற்று ஆட்டக்காரரை அனுப்ப, ஹைமன் வெளியே வந்து இருக்கையில் அமர்ந்தார். கண்கள் ஆட்டத்தின் மீதே இருந்தன. சிறிது நேரத்தில், சத்தமே இல்லாமல், இருக்கையிலிருந்து தரையில் சரிந்தார். அன்றே உயிர் பிரிந்தது. வயது 31.

மாரடைப்பு என்றுதான் முதலில் செய்தி வந்தது.

ஹைமனின் குடும்பத்தினர் அந்த ஒரு சொல்லோடு விட்டுவிடவில்லை. புகை, மது என்று எந்தக் கெட்ட பழக்கத்தாலும் இதை விளக்க முடியாது. வாழ்நாள் முழுவதும் உடற்பயிற்சி செய்தவர், பல மருத்துவப் பரிசோதனைகளில் தேறியவர். உடல் கலிபோர்னியாவுக்கு வந்ததும் பிரேதப் பரிசோதனை செய்யச் சொன்னார்கள்.

இதயத் தசையில் கோளாறு எதுவும் இல்லை. இதயத்திலிருந்து புறப்பட்டு உடல் முழுவதற்கும் ரத்தத்தைக் கொண்டுசெல்லும் பெருந்தமனி கிழிந்திருந்தது. பலவீனமாக இருந்த இடம் ஒரு சிறிய நாணயத்தின் அளவுதான். இன்னொன்றையும் மருத்துவர்கள் கண்டார்கள். அதே இடத்தில் ஏறக்குறைய மூன்று வாரங்களுக்கு முன்பே ஒரு கிழிவு ஏற்பட்டு, ரத்தம் உறைந்து, ஆறத் தொடங்கியிருந்தது. அதற்குப் பிறகும் அவர் ஆடிக்கொண்டுதான் இருந்தார்.

காரணம், மார்ஃபான் நோய்க்குறி.

உயரம் சொன்ன செய்தி

நம் உடலின் திசுக்களை ஒன்றாகப் பிடித்து வைத்திருக்கும் இழைகளில் ஒன்று ஃபைப்ரிலின் என்ற புரதத்தால் ஆனது. அதை உருவாக்கும் மரபணுவில் பிழை இருந்தால் அந்த இழைகள் வலுவிழக்கின்றன. எலும்புகள் அளவுக்கு மீறி நீள்கின்றன. மூட்டுகள் தளர்ந்து வளைகின்றன. கண்ணின் வில்லை இடம் விலகலாம், கிட்டப்பார்வை கடுமையாக இருக்கலாம். எல்லாவற்றையும்விட ஆபத்தானது பெருந்தமனியின் சுவர் மெல்ல மெல்ல விரிவதுதான். ஊதிய பலூன் மெலிவதுபோல் அது மெலிகிறது. கடுமையாக விளையாடும்போது ரத்த அழுத்தம் ஏற, ஒருநாள் கிழிகிறது.

பிரெஞ்சு மருத்துவர் அன்டுவான் மார்ஃபான் 1896லேயே இதன் அடையாளங்களை ஒரு சிறுமியிடம் கண்டு எழுதிவைத்தார். ஏறக்குறைய 5,000 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்கு 50 விழுக்காடு வாய்ப்பு உண்டு. ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குக் குடும்பத்தில் யாருக்கும் இல்லாமலே புதிதாகவும் வருகிறது.

ஹைமனிடம் இருந்த அடையாளங்கள் எவை? உயரம், நீண்ட கைகள், பெரிய உள்ளங்கைகள், கிட்டப்பார்வை. எல்லாமே வெளியில் தெரிந்தவை. உயரத்தையும் கை நீளத்தையும் ஒவ்வோர் ஆட்டத்திலும் ஆயிரக்கணக்கானோர் பார்த்தார்கள். பயிற்றுநர்கள் மகிழ்ந்தார்கள், எதிரணியினர் அஞ்சினார்கள், செய்தியாளர்கள் எழுதினார்கள். அவருடைய உயரத்தைப் பற்றிப் பேசாதவர் இல்லை. ஆனால், பெருந்தமனியை ஒருமுறை அளந்து பார்க்கலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை.

கதை இத்துடன் முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். இது மரபுவழி நோய் என்று தெரிந்ததும் ஹைமனின் உடன்பிறந்தவர்களையும் பரிசோதித்தார்கள். தம்பிக்கும் மார்ஃபான் இருந்தது. அவருடைய பெருந்தமனியும் ஆபத்தான நிலையில் இருந்தது. சில மாதங்களில் அறுவை சிகிச்சை நடந்தது. அக்காவின் மரணத்துக்கு உண்மையான காரணம் என்ன என்று குடும்பம் கேட்டதால் தம்பி பிழைத்தார்.

இளையர்கள் கவனிக்க வேண்டியவை

விளையாடும்போது இளம் வயதினர் திடீரென இறப்பதற்கு மார்ஃபான் ஒரு காரணம் மட்டுமே. இதயத் தசை அளவுக்கு மீறித் தடிப்பது, இதயத்தின் ரத்தக் குழாய்கள் பிறவியிலேயே இடம் மாறியிருப்பது, இதயத் துடிப்பின் மின்னோட்டத்தில் கோளாறு எனப் பிற காரணங்களும் உண்டு. கேமரூன் காற்பந்து வீரர் மார்க் விவியன் ஃபோ 2003ல் பிரான்சின் லியோன் நகரில் ஆட்டத்தின் நடுவே சரிந்து இறந்ததற்குக் காரணம் தடித்த இதயத் தசை.

பெரும்பாலும் முன்னறிவிப்பே இருக்காது என்பது உண்மைதான். ஆனால் இருக்கும்போது அதை அலட்சியப்படுத்தக் கூடாது. ஓடும்போதோ ஆடும்போதோ மயங்கி விழுவது முதல் எச்சரிக்கை. ஓடி முடித்து நின்றபின் தலை சுற்றுவது வேறு. ஓட்டத்தின் நடுவே நினைவிழப்பது வேறு. பயிற்சியின்போது நெஞ்சு வலி அல்லது இறுக்கம், குழுவில் மற்றவர்களுக்கு இல்லாத அளவு மூச்சு வாங்குவது, காரணமின்றி இதயம் படபடப்பது ஆகியவையும் எச்சரிக்கைகளே. நெஞ்சிலோ முதுகிலோ திடீரெனக் கிழிப்பதுபோல் வலி வந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது. குடும்பத்தில் யாராவது 50 வயதுக்குள் திடீரென இறந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இதை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. உயர்நிலை மூன்றில், பயிற்சி ஓட்டத்தின் நடுவே என் குழுத் தோழி ஒருத்தி மயங்கி விழுந்தாள். காலையில் சாப்பிடாமல் வந்திருப்பாள் என்று நாங்களே முடிவு செய்து, இனிப்புப் பானம் கொடுத்து உட்காரவைத்தோம். அடுத்த வாரம் போட்டி இருந்ததால் பயிற்றுநரிடம் சொல்ல வேண்டாம் என்று அவள் கெஞ்சினாள். நாங்கள் சொல்லவில்லை. நல்லவேளை, அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது எங்கள் அதிர்ஷ்டம். நட்பு என்று நினைத்து நாங்கள் செய்தது நட்பு இல்லை.

மார்ஃபானுக்குத் தனியாகச் சில அடையாளங்கள் உண்டு. இரு கைகளையும் விரித்தால் வரும் அகலம் உயரத்தைவிடத் தெளிவாக அதிகமாக இருப்பது, நெஞ்செலும்பு உள்வாங்கியோ முன்னே துருத்தியோ இருப்பது, முதுகெலும்பு வளைந்திருப்பது. கட்டை விரலை உள்ளே மடக்கிக் கையை மூடினால், சுண்டு விரல் பக்கமாகக் கட்டை விரலின் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருப்பதும் ஓர் அடையாளம். வகுப்பில் நான் இதைச் சொன்னதும் எல்லாரும் கட்டை விரலை மடக்கிப் பார்த்தார்கள். ஓர் அடையாளம் மட்டும் இருந்தால் நோய் என்று பொருளில்லை. உயரமானவர்கள் எல்லாரும் பயப்பட வேண்டியதும் இல்லை. பல அடையாளங்கள் ஒருவரிடம் சேர்ந்திருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஒன்றை நினைவில் வையுங்கள். ஈசிஜி பரிசோதனை இதயத்தின் மின்னோட்டத்தைக் காட்டும். பெருந்தமனியின் அகலத்தைக் காட்டாது. அதற்கு ஒலி அலையால் படம் பிடிக்கும் எக்கோ பரிசோதனை வேண்டும். வலிக்காத பரிசோதனை. விரிவு முன்கூட்டியே தெரிந்தால் மருந்தால் அதன் வேகத்தைக் குறைக்கலாம். தேவைப்பட்டால் கிழிவதற்கு முன்பே அறுவை சிகிச்சை செய்யலாம்.

களத்தில் ஒருவர் சரிந்து விழுந்து, அசைவின்றி, சரியாக மூச்சு விடாமல் கிடந்தால் 995ஐ அழையுங்கள். நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். நம் அடுக்குமாடிக் கட்டடங்களின் கீழ்த்தளங்களில் வைத்திருக்கும் ஏஇடி கருவியை எடுத்துவர ஒருவரை ஓடச் சொல்லுங்கள். கிழிந்த பெருந்தமனியை அந்தக் கருவியால் ஒட்ட முடியாது. ஆனால் தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை அது பலமுறை மீட்டிருக்கிறது. டென்மார்க் காற்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் 2021ல் அப்படித்தான் பிழைத்தார்.

பிஸ்கட் டின்னில் இருந்த பதில்

படித்த மறுநாள் அம்மாவிடம் மாமாவைப் பற்றிக் கேட்டேன். அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. பழைய கதையை ஏன் கிளறுகிறாய் என்று கடிந்துகொண்டார். ஒரு வாரம் கழித்து அவரே என்னை அத்தை வீட்டுக்கு அழைத்துச் சென்றார்.

அத்தை முக்கியமான தாள்களை எல்லாம் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறார். திருமணப் பதிவு, வீட்டுப் பத்திரம், மாமாவின் மரணச் சான்றிதழ். பல அலுவலகங்களில் அந்தச் சான்றிதழைக் காட்டியிருக்கிறார். அதில் இருந்த ஆங்கில மருத்துவச் சொற்களுக்கு அவர் பொருள் கேட்டதில்லை. அந்த நிலையில் யாருக்குத்தான் கேட்கத் தோன்றும்? நான் வாங்கிப் படித்தேன். மரணத்துக்குக் காரணம், பெருந்தமனிக் கிழிவு.

பன்னிரண்டு ஆண்டுகளாக அந்தப் பதில் டின்னுக்குள் இருந்திருக்கிறது.

மாமாவின் மகனுக்கு இப்போது 14 வயது. வகுப்பிலேயே உயரமானவன். பள்ளிக் கூடைப்பந்துக் குழுவின் நட்சத்திரம். பலதுறை மருந்தகத்தில் தொடங்கி, மருத்துவமனையின் இதய நிபுணர் வரை அவனை அழைத்துச் சென்றோம். எக்கோ எடுத்தார்கள். பெருந்தமனியின் வேர்ப்பகுதி அவன் உடல்வாகுக்கு இருக்க வேண்டியதைவிடச் சற்று அகலமாக இருந்தது. மரபணுப் பரிசோதனையும் செய்தார்கள். மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள். குறித்த காலத்தில் மீண்டும் அளக்க வேண்டும். நடக்கலாம், மெதுவாக நீந்தலாம். போட்டி ஆட்டம் கூடாது.

அவன் என்னிடம் பேசுவதில்லை. நான் மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருந்தால் இந்த ஆண்டு பள்ளிகளுக்கு இடையிலான போட்டியில் ஆடியிருப்பேன் என்று அவன் தன் அம்மாவிடம் சொன்னானாம். அவன் கோபம் எனக்குப் புரிகிறது. 14 வயதில் என்னிடமிருந்து கைப்பந்தைப் பறித்திருந்தால் நானும் அப்படித்தான் இருந்திருப்பேன். அவன் எத்தனை ஆண்டுகள் வேண்டுமானாலும் கோபமாக இருக்கட்டும். அதற்கு அவன் இருக்க வேண்டும்.

ஹைமனின் நினைவாக அமெரிக்காவில் 1987ஆம் ஆண்டு முதல் விளையாட்டில் பெண்களுக்கென ஒரு நாள் ஒதுக்கிக் கொண்டாடுகிறார்கள். நல்ல நினைவுதான். நம் வீடுகளில் அவரை நினைக்க இன்னொரு வழியும் இருக்கிறது. இளவயதில் போய்விட்ட ஒரு மாமாவோ சித்தப்பாவோ அத்தையோ உங்கள் குடும்பத்திலும் இருக்கலாம். எப்படி இறந்தார் என்று இந்த வாரம் பெரியவர்களிடம் கேளுங்கள். மனம் நோகாமல், பொறுமையாகக் கேளுங்கள். சான்றிதழ் இருந்தால் எடுத்துப் படியுங்கள். பொருள் புரியாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.